பிளஸ் டூ பாஸ், ஆனால் கையில் சான்றிதழ் இல்லை: ஒரு வருடத்தில் நான் தெரிந்துகொண்டவை

2023 ஜூன் மாதம், ஓர் அரசு கலைக் கல்லூரியில் கலந்தாய்வு. காலை ஏழு மணிக்கே அப்பாவும் நானும் போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டோம். அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர், அன்றைக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். என் முறை வந்ததும் ஃபைலைக் கொடுத்தேன். சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் இருந்த அம்மா ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிளஸ் டூவில் எல்லாம் பாஸ்தான், ஆனால் பிளஸ் ஒன்னில் பிசிக்ஸ் நிற்கிறதே, அதை முடிக்கவில்லையா கண்ணு?" என்று கேட்டார். நான், "காலேஜுக்கு பிளஸ் ஒன் மார்க் வேண்டாம் என்று சொன்னார்களே" என்றேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: "மார்க் வேண்டாம் கண்ணு. பாஸ் வேண்டும்."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் இடையில் இருக்கிற வித்தியாசம் தெரியாமல்தான் எனக்கு ஒரு வருடம் போனது. என்னைப் போல இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது பிறகு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபோது தெரிந்தது. அதனால்தான் இதை விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் செட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முடியும்போது கொரோனா ஊரடங்கு, எல்லாரும் பாஸ் என்று அறிவித்தார்கள். பத்தாம் வகுப்பில் பாதி வருடம் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸப்பும்தான், ஜனவரியில் பள்ளி திறந்து மார்ச்சில் மறுபடி மூடிவிட்டார்கள். அந்த வருடமும் பொதுத்தேர்வு கிடையாது. 2021இல் எங்களுக்குக் கொடுத்த பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணே இருக்காது, தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும். ஆக, நாங்கள் முதன்முதலில் எழுதிய பொதுத்தேர்வு 2022 மே மாதம் நடந்த பிளஸ் ஒன் தேர்வு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிற பழக்கமே விட்டுப் போயிருந்த பிள்ளைகள் நாங்கள். நான் எடுத்தது கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் குரூப். இயற்பியலில் இயக்கவியல் பாடத்திலேயே வெக்டார் வந்ததும் எனக்குப் புரிவது நின்றுவிட்டது. புரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஜூன் 27 அன்று ரிசல்ட் வந்தது. மற்ற ஐந்து பாடமும் தேர்ச்சி. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 9, செய்முறை 19, அகமதிப்பீடு 10. மொத்தம் 38. பாஸ் மார்க் 35 என்றுதானே எல்லாருக்கும் தெரியும், 38 எடுத்தும் ஏன் ஃபெயில் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ தவறாகப் போட்டுவிட்டார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

கணக்கு இப்படித்தான். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. மொத்தத்தில் 35 வந்தால் மட்டும் போதாது, அந்த 70இல் தனியாகக் குறைந்தது 15 எடுத்திருக்க வேண்டும். அகமதிப்பீடு என்கிற 10 மதிப்பெண் வருகைப்பதிவு, பள்ளியில் வைக்கும் சிறு தேர்வுகள், ஒப்படைவு, கல்வி இணைச் செயல்பாடு ஆகியவற்றுக்காகப் பள்ளியே போடுவது. பெரும்பாலான பள்ளிகளில் இதிலும் செய்முறையிலும் மனசு வைத்துப் போட்டுவிடுவார்கள். அதனால் பிள்ளைகளுக்கு 30 மதிப்பெண் ஏற்கனவே கையில் இருக்கிறது, இன்னும் ஐந்து எடுத்தால் போதும் என்று ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. எங்கள் வகுப்பில் இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த 15 பற்றி யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதே போல, செய்முறைத் தேர்வுக்குப் போகாமல் விட்டால் எழுத்தில் எவ்வளவு வாங்கினாலும் அந்தப் பாடம் தேறாது. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே பள்ளிக்குத் தகவல் சொல்லி, அந்தச் சுற்று முடிவதற்குள் வேறு நாள் கேட்டுவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, பொதுத்தேர்வு இருந்த அந்த நாட்களில் பிளஸ் ஒன்னில் ஃபெயில் ஆனால் என்ன ஆகும்? பள்ளியிலிருந்து வெளியே அனுப்ப மாட்டார்கள். பிளஸ் டூ வகுப்பில் உட்காரலாம், பிளஸ் டூ தேர்வும் எழுதலாம், நின்றுபோன பாடத்தை இடையில் துணைத்தேர்விலோ அடுத்த மார்ச்சிலோ எழுதிக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதே ஏற்பாடுதான் என்னைப் போன்றவர்களைத் தூங்கவும் வைத்துவிடுகிறது. 2017-18இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தபோது முதலில் இரண்டு வருட மதிப்பெண்ணையும் சேர்த்து 1200 என்றார்கள். மாணவர்களுக்கு அழுத்தம் அதிகம் என்று 2018 செப்டம்பரில் அதை மாற்றி, உயர்கல்விக்கு பிளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் "பிளஸ் ஒன் மார்க்கை யாரும் பார்க்க மாட்டார்கள்" என்கிற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. அது உண்மைதான், மதிப்பெண்ணை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வருடமும் எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் பிளஸ் ஒன்னுக்கு ஒன்று, பிளஸ் டூவுக்கு ஒன்று என மதிப்பெண் சான்றிதழ் கிடைக்கும். ஒரே ஒரு பாடம் எந்த வருடத்தில் நின்றிருந்தாலும் கைக்கு வருவது மதிப்பெண் பட்டியல்தான். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு கல்லூரியில் சேர முடியாது என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

2022 ஆகஸ்டில் துணைத்தேர்வு எழுதினேன், 11 வந்தது. அப்போது பிளஸ் டூ வகுப்பு தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது, பழைய புத்தகத்தை எடுத்துப் படிக்க மனசு வரவில்லை. ஒரு வாரம் புரட்டிவிட்டுப் போய் எழுதினேன். 2023 மார்ச்சில் நிலைமை இன்னும் மோசம். பிளஸ் டூ தேர்வு 13ஆம் தேதி தொடங்குகிறது, பிளஸ் ஒன் தேர்வு 14ஆம் தேதி தொடங்குகிறது. அரியர் வைத்திருப்பவர்களுக்குப் படிப்பதற்காக விடுகிற இடைவெளி நாளில் இன்னொரு தேர்வு வந்து நிற்கும். இந்த வருடப் பாடத்தில் ஃபெயில் ஆகிவிடக் கூடாது என்கிற பயத்தில் பழைய இயற்பியலைப் படிக்காமலே போய் எழுதிவிட்டு வந்தேன். மே 8 அன்று பிளஸ் டூ ரிசல்ட், எல்லாப் பாடத்திலும் பாஸ், பிளஸ் டூ இயற்பியலும் சேர்த்து. அப்பா மார்க்கெட்டில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

மே 19 அன்று பிளஸ் ஒன் ரிசல்ட் வந்தது. அன்றைக்கு நான் திருப்பூரில் சித்தி வீட்டில் இருந்தேன், லீவில் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரிசல்ட்டைப் பார்க்கவே இல்லை. பிளஸ் டூ பாஸ் ஆகிவிட்டேனே, இனி அது எதற்கு என்று நினைத்தேன். அதில் எனக்கு 14 வந்திருந்தது. ஒரே ஒரு மதிப்பெண்தான் குறைவு.

இங்கேதான் இரண்டு விஷயங்கள் கைவிட்டுப் போயின. ஒன்று, விடைத்தாள் நகல். ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஒரு பாடத்துக்கு 275 ரூபாய். அதைப் பார்த்துவிட்டு, திருத்தியதில் சரியில்லை என்று தோன்றினால் மறுமதிப்பீடு கேட்கலாம், அதற்கு 505 ரூபாய். நகல் வாங்கியவர்கள் மட்டும்தான் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியும், நேராக மறுமதிப்பீடு கேட்க முடியாது. வெறும் மறுகூட்டல் என்பது தனி, அது கூட்டல் சரியா என்று பார்ப்பது மட்டும்தான். 14 எடுத்து நிற்கிற ஒரு பிள்ளைக்கு அந்த 275 ரூபாய் எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் கூடியிருக்குமா கூடியிருக்காதா என்று எனக்கு இப்போதும் தெரியாது, கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். இரண்டாவது, ஜூன் மாதத் துணைத்தேர்வுக்கான விண்ணப்பம். ரிசல்ட் வந்த கையோடு சில நாட்கள்தான் தருவார்கள். அதை விட்டவர்களுக்கு தட்கல் என்று இன்னும் ஓரிரு நாட்கள், அதில் வழக்கமான கட்டணத்தோடு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். கல்லூரியிலிருந்து நானும் அப்பாவும் நேராகப் பள்ளிக்கு ஓடியபோது இரண்டும் முடிந்திருந்தன. தலைமையாசிரியர் யார் யாருக்கோ போன் செய்து பார்த்தார். அடுத்த மார்ச்தான் என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வருடம் போனதால் என்னவெல்லாம் போயிற்று என்று யோசித்தால், கல்லூரி மட்டும் இல்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்குக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது, எனக்கு அந்தப் பணம் ஒரு வருடம் தள்ளிப் போனது. சான்றிதழ் கொடுக்கும் நாளில் பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் செய்து கொடுப்பார்கள், அதிலும் நான் இல்லை. கூடப் படித்தவர்கள் கல்லூரி ஐடி கார்டு போட்டுக்கொண்டு ஸ்டேட்டஸ் வைப்பார்கள். நான் போனை அணைத்து வைத்துவிடுவேன்.

ஜூலையில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்கார அண்ணன் நல்லவர், கூட்டம் இல்லாத நேரத்தில் படிக்க விடுவார். அந்தக் கடையில்தான் உண்மையில் எனக்குப் படிப்பு நடந்தது. தினமும் யாராவது ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நிற்பார். ஒரு பையனுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் எம், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பிளஸ் டூவில் இனிஷியல் எஸ். அவனுடைய அப்பா பெயர் முத்துசாமி, யாரோ எங்கேயோ சாமி என்பதில் வருகிற எஸ்ஸை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு எழுத்துக்காக அலைகிறவர்களை வாரம் ஒருவராவது பார்த்தேன். தேர்வுக்கு முன்பு பள்ளியில் பெயர்ப்பட்டியல் என்று ஒரு தாளைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி, பாடக் குரூப், பயிற்று மொழி எல்லாம் அதில் இருக்கும், பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். பிள்ளைகள் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் போட்டேன், என் நல்ல நேரம் அதில் பிழை இல்லை. பெற்றோருக்கு ஒன்று சொல்வேன், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாவிட்டாலும் பரவாயில்லை, பத்தாம் வகுப்புச் சான்றிதழின் நகலைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்புங்கள், பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அச்சாகி வந்த பிறகு திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று அந்தப் பையனைக் கேட்டால் தெரியும்.

தனித்தேர்வராக விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டும் நிறையப் பேர் வருவார்கள். இங்கேயே ஆன்லைனில் போட்டுவிடலாம் இல்லையா என்பார்கள். முடியாது. பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பள்ளி விண்ணப்பிக்கும். ரிசல்ட் வந்தவுடன் நடக்கிற துணைத்தேர்வுக்கும் படித்த பள்ளி வழியாகவே போகலாம். அதற்குப் பிறகு நாம் தனித்தேர்வர். அரசுத் தேர்வுகள் இயக்ககம் கல்வி மாவட்ட வாரியாகச் சில பள்ளிகளில் சேவை மையம் வைத்திருக்கிறது, அங்கே நேரில்தான் போக வேண்டும். பழைய மதிப்பெண் பட்டியல்களின் நகல், ஆதார், கட்டணம் ஆகியவற்றைக் கொண்டுபோனால் அங்கேயே போட்டோ எடுத்து, கணினியில் பதிந்து, ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள். அந்தச் சீட்டைத் தங்கம் மாதிரி பத்திரமாக வைக்க வேண்டும், அதில் உள்ள விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் பிறகு ஹால் டிக்கெட்டை இறக்க முடியும். சீட்டைத் தொலைத்துவிட்டுத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நான் என் சீட்டை இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வைத்து, போனிலும் படம் எடுத்துக்கொண்டேன்.

2024 மார்ச் தேர்வுக்குத் தனித்தேர்வர் விண்ணப்பம் 2023 டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடிந்தது. தேர்வு மார்ச்சில்தானே என்று பிப்ரவரி வரை காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். தீபாவளி முடிந்ததிலிருந்தே தேர்வுத்துறை இணையதளத்தை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன், அறிவிப்பு வந்த அன்றே அச்சடித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். முதல் நாளே சேவை மையத்துக்குப் போனேன், பஸ்ஸில் ஒரு மணி நேரம். முதல் நாள் போனதில் இன்னொரு நன்மையும் உண்டு, ஒரு தாள் குறைந்தால் திரும்பிப் போய் எடுத்துவர நாள் இருக்கும். எனக்கு உண்மையிலேயே ஒரு நகல் குறைந்தது.

படிப்பைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் மூன்று முறை ஃபெயில் ஆனவளுக்கு நான்காவது முறை என்ன மாறியது என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்த முதல் காரியம் வினாத்தாளைப் படித்தது. இயற்பியலில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 15. இரண்டு மதிப்பெண்ணில் ஆறு எழுத வேண்டும், மூன்று மதிப்பெண்ணில் ஆறு, ஐந்து மதிப்பெண்ணில் ஐந்து. மொத்தம் 70. ஐந்து மதிப்பெண் கேள்வி ஒவ்வொன்றிலும் இது அல்லது அது என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இதைப் பார்த்தபோதுதான், நான் இவ்வளவு நாள் பெரிய கேள்விகளை மனப்பாடம் செய்து மூச்சு முட்டி, சின்னக் கேள்விகளை அதிர்ஷ்டத்துக்கு விட்டிருக்கிறேன் என்று புரிந்தது. பதினொரு பாடத்தையும் ஒரே அளவில் படிக்க முயற்சி செய்யவில்லை. ஈர்ப்பியல், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள் இந்த நான்கையும் முழுதாகப் படித்தேன், வாய்பாடு எங்கிருந்து வருகிறது என்பதுவரை. மற்ற ஏழு பாடத்திலும் புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகளும், வரையறைகளும் மட்டும். பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, கடையில் உட்கார்ந்து பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அச்சில் வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்த்தேன். புரியாததை ஞாயிற்றுக்கிழமை என் பழைய இயற்பியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். முதல் தடவை அவர் வீட்டு வாசலில் நிற்கவே கூச்சமாக இருந்தது. அவர், "இதைப் பிளஸ் ஒன்னிலேயே கேட்டிருந்தால் பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும், உட்காரு" என்று சொல்லி வெக்டாரிலிருந்து தொடங்கினார். ஆசிரியர்கள் கேட்கிற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள், நாம்தான் ஃபெயில் ஆனதும் அவர்கள் கண்ணில் படாமல் சுற்றிப் போகிறோம்.

தனித்தேர்வர்களுக்குத் தனி மையம். அந்த அறையில் என் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர்தான். எனக்கு முன் பெஞ்சில் ஓர் அக்கா, 36 வயது. பத்தாம் வகுப்போடு கல்யாணம் ஆகிவிட்டது, மகள் அதே மாதம் பிளஸ் டூ எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா செய்முறை இல்லாத பாடங்களாக எடுத்து நேரடித் தனித்தேர்வராக பிளஸ் ஒன் எழுத வந்திருந்தார். முன்பெல்லாம் இப்படி வருகிறவர்கள் நேராக பிளஸ் டூவே எழுதலாம், அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். சேவை மையத்துக்குப் போன பிறகுதான், முதலில் பிளஸ் ஒன் எழுதி, அடுத்த வருடம்தான் பிளஸ் டூ என்று தெரிந்திருக்கிறது. "ஒரு வருஷத்துல முடிச்சிரலாம்னு வந்தேன் பாப்பா, ரெண்டு வருஷமாம். வந்தது வந்தாச்சு" என்றார். தேர்வு தொடங்குவதற்கு முன் வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கிற பத்து நிமிடத்தில் அவர் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நானும் அப்படியே செய்தேன்.

2024 மே 14 அன்று ரிசல்ட். கடை கணினியில்தான் பார்த்தேன், அண்ணன் பின்னால் நின்றிருந்தார். எழுத்துத் தேர்வு 33. பழைய செய்முறை 19, அகமதிப்பீடு 10, இரண்டும் அப்படியே சேர்ந்து மொத்தம் 62. அப்பாவுக்கு போன் செய்தேன். மார்க்கெட் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. அந்த வருடமே அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் கிடைத்தது. சான்றிதழ் வந்ததும் தேர்வெழுதிய மையத்துக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன், பிளஸ் ஒன்னுக்கு ஒன்று, பிளஸ் டூவுக்கு ஒன்று. வேலைவாய்ப்புப் பதிவை அந்தத் துறையின் இணையதளத்தில் நானே செய்துகொண்டேன்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். என் தம்பி அந்த முதல் செட். அவனுக்கு பிளஸ் ஒன் பள்ளித் தேர்வுதான். நல்லதுதான், ஆனால் வீட்டில் நான் அவனை விடுவதில்லை. பிளஸ் டூ இயற்பியல் வெக்டார் தெரியாமல் ஒரு பக்கம் நகராது என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். இன்னொன்று, தேர்வு ரத்து என்றதும் பழைய அரியரும் ரத்து என்று நினைத்துக்கொண்டு சிலர் கடைக்கு வந்தார்கள் என்று அண்ணன் சொன்னார். அப்படி இல்லை. முன்பு எழுதி நின்றுபோனவர்கள் அதை எழுதித்தான் தேற வேண்டும், அவர்களுக்காகத் தேர்வு தொடர்ந்து நடக்கிறது. உங்கள் கையில் இருப்பது பட்டியலா சான்றிதழா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், தலைப்பிலேயே எழுதியிருக்கும். வெளியே கேட்க வெட்கமாக இருந்தால் பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417க்கு போன் செய்யுங்கள், முகம் தெரியாதவர்களிடம் கேட்பது சுலபம்.

அந்த அக்கா 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதி, எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டார். போன வாரம் கூப்பிட்டார். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. தமிழ் சேர வேண்டுமாம், டிசி கேட்கிறார்களாம், தனித்தேர்வருக்கு யார் டிசி தருவார்கள் என்று பதறிப்போயிருந்தார். கடைசியாகப் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பு முடிந்ததும் கொடுத்தது எங்கே என்று கேட்டேன். பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம், இருபது வருடமாகத் திறக்கவில்லையாம். பெட்டியை இறக்கி வையுங்கள் அக்கா, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.